எங்கே சாப்பிடுவது?

வெளியூர்களிலிருந்து சனி, ஞாயிறு இரண்டு நாளைக்கு இலண்டனுக்கு வரும் நம்மவர்களுக்குத் தங்குமிடம் தேடுவது இன்று அவ்வளவு கடினமான காரியம் அன்று. ஃபாரஸ்ட் கேட்டில் ரொம்ஃபர்ட் ரோட் ஓரமாகவே சிறு விடுதிகள் உண்டு. எலிசபெத் ரயில் பாதை 2022-இல் திறந்த பின்னர் நகரின் நடுவிலிருந்து இங்கு வந்து இறங்குவதும் இலேசாகிவிட்டது. அடுத்த நிலையம் மனோர் பார்க். ஸ்ரீ முருகன் ஆலயம் அங்கே சேர்ச் ரோட்டில் இருக்கிறது. தரிசனத்துக்கும் உறவினரைப் பார்ப்பதற்கும் இதைவிட வசதியான இடம் கிடையாது. ஆயினும், எங்கே தங்குகிறீர்கள் என்று கேட்டால் உடனே பதில் சொல்லும் தம்பதிகள், எங்கே சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். கணவர் ஏதாவதொரு கடையின் பெயரைச் சொல்வார். மனைவி தம் பையைக் காட்டுவார்.

அந்தப் பைக்குள் இருப்பது அன்பர்கள் அறியாததல்ல. புளிச்சாதம், ரொட்டியும் இடிசம்பலும், அவித்த கடலை, பிளாஸ்கில் தேநீர். பயணத்துக்கு முதல்நாள் இரவு பத்து மணி வரை அடுப்படியில் நின்று, அடுத்த நாள் விடிய நாலு மணிக்கு மீண்டும் எழுந்து இவற்றைச் செய்து கட்டுகிறவருக்கு ஓய்வுப் பயணம் என்ற சொல் பொருந்துமா என்பதை அவருடன் கூடச் செல்பவர்தான் யோசிக்க வேண்டும்.

இந்தப் பைக்கு நியாயமான வரலாறு ஒன்று உண்டு என்பதையும் மறுக்க முடியாது. 1888-இல் சட்டம் படிக்க வந்த காந்தியடிகள் இந்த நகரத்தில் மரக்கறி உணவுக்குப் பட்ட பாட்டைத் தம் சுயசரிதையிலே எழுதியிருக்கிறார். தாய்க்குக் கொடுத்த வாக்குக்காக, நாளொன்றுக்கு 10, 12 மைல் நடந்து, மலிவான கடைகளில் ரொட்டியால் வயிற்றை நிரப்பினார். அப்படி அலைந்த ஒரு நாளில் பாரிங்டன் தெருவில் ஒரு மரக்கறி உணவுச்சாலை கண்ணிற் பட்டது. இங்கிலாந்துக்கு வந்த பின் அன்றுதான் முதன்முதலாக வயிறார உண்டாராம். இன்று கிங்ஸ் குரொஸ் பக்கத்திலிருந்து ஃபாரஸ்ட் கேட்டுக்கு வருபவர்கள் அதே பாரிங்டனில்தான் எலிசபெத் ரயிலுக்கு மாறுகிறார்கள். பையைத் தூக்கிக்கொண்டு மாறுகிறார்கள்.

2025-இல் அப்படி மாறிய ஒரு தம்பதியைப் பற்றிச் சொல்வது இவ்விடத்தில் பொருந்தும். யாழ்ப்பாணத்தில் 1985-இல் திருமணம் செய்து, 1987-இல் ஹல் நகருக்கு வந்து குடியேறியவர்கள். நாற்பதாவது மணநாளுக்காகப் பிள்ளைகள் ஃபாரஸ்ட் கேட்டில் இரண்டு இரவுக்கு அறை பதிவு செய்து கொடுத்திருந்தார்கள். கணவருக்குப் பதினைந்து வருடமாக நீரிழிவு. மனைவி பிறந்தது முதல் மச்சம் தொடாதவர்.

வந்த புதிதில், கடற்கரைக்குப் போன ஒரு பின்னேரம், இருவரும் ஒரு கடையில் உருளைக்கிழங்குப் பொரியல் வாங்கிச் சாப்பிட்டார்கள். கிழங்குதானே, அதில் என்ன இருக்கிறது என்ற எண்ணம். யோர்க்ஷயர்ப் பகுதியில் அதனை மாட்டுக் கொழுப்பிலே பொரிப்பது நெடுங்கால வழக்கம் என்பதைச் சில வாரம் கழித்து அடுத்த வீட்டு அம்மையார் பெருமையோடு சொன்னார். அதனால்தான் அந்தச் சுவை என்றும் விளக்கினார். இவர் வீட்டுக்கு வந்து தலைமுழுகி, அன்று முழுவதும் சாப்பிடவில்லை. யாரையும் குறை சொல்லவுமில்லை. அதற்குப் பிறகு வீட்டுக்கு வெளியே தேநீரும் பழமும் தவிர வேறெதுவும் அவர் வாயிற் படவில்லை. கலியாண வீடு, பட்டமளிப்பு விழா, பிள்ளைகளின் பிறந்தநாள் விருந்து எங்கே போனாலும் ஒரே வசனம்: “நீங்கள் சாப்பிடுங்கோ, எனக்குப் பசியில்லை.” முப்பத்தெட்டு வருடம் ஒருவருக்குப் பசியில்லாமல் இருக்குமா என்று வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை.

இந்த நாட்டுச் சட்டமும் அவருடைய பயத்தைத் தீர்க்கக்கூடியதாக இல்லை. ஒவ்வாமை உண்டாக்கும் 14 பொருள்கள் உணவில் இருக்கின்றனவா என்று கடைக்காரர் சொல்லியே ஆகவேண்டும். கடுகும் எள்ளும் பாலும் அந்தப் பட்டியலில் உண்டு. மாட்டுக் கொழுப்பு இல்லை, கோழிச் சாறு இல்லை. ‘வெஜிடேரியன்’ என்ற சொல்லுக்கு இங்கு சட்டப்படியான வரைவிலக்கணமும் கிடையாது. கடைக் கதவில் ஒட்டியிருக்கும் சுகாதார மதிப்பெண் 5 என்றால் சமையலறை துப்புரவாக இருக்கிறது என்று பொருள். என்ன சமைக்கிறார்கள் என்பது அதனுள் அடங்காது. ஆகவே கேட்டுத்தான் அறிய வேண்டும். கேட்பதற்குக் கூச்சப்படுபவர்கள் பையைத் தூக்குகிறார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கிங்ஸ் குரொஸில் இறங்கியதும் கணவர் யூஸ்டனுக்கு அருகிலுள்ள டிரம்மண்ட் ஸ்ட்ரீட்டுக்கு அழைத்துப் போனார். 1970-களில் இந்தியச் சைவ உணவு என்றால் இலண்டனில் பலரும் சொன்ன முகவரி அதுதான். பேல்பூரியும் மசாலாத் தோசையும் மலிவாகக் கிடைத்ததால் மாணவர்கள் மொய்த்த தெரு. அண்மைக் காலத்தில் புதிய ரயில் பாதை வேலைகளால் யூஸ்டன் பக்கமெங்கும் தடுப்பு வேலிகள் எழும்பி, அத்தெருக் கடைக்காரர்களின் வியாபாரம் நன்றாக அடிபட்டது. கணவர் பேல்பூரி சாப்பிட்டார். மனைவி தேநீர் குடித்தார். பசியில்லையாம்.

மறுநாள் மத்தியானத்துக்குக் கணவரிடம் வேறொரு திட்டம் இருந்தது. இளமையில் ஒரு பயிற்சிக்காக இலண்டனில் தங்கிய காலத்தில் ஸ்ட்ராண்ட் தெருவில் இந்தியா கிளப் என்ற இடத்தில் தோசை சாப்பிட்டிருந்தார். ஒடுங்கிய படிகளில் ஏறி மேலே போகவேண்டும். சாதாரண மேசைகள், சுவரில் பழைய படங்கள். கிருஷ்ண மேனன் முதலிய இந்தியா லீக் அன்பர்களின் தொடர்போடு 1951-இல் ஆரம்பமானது. அங்கே மனைவியைக் கூட்டிப்போக வேண்டுமென்று பல வருடமாக மனதில் வைத்திருந்தார். விடுதியில் இருந்து தேடிப் பார்த்தபோதுதான் 2023 செப்டம்பரில் அது மூடப்பட்டுவிட்டது தெரிந்தது. ஒரு கடைக்குப் போகவேண்டும் என்று நினைத்தால் உடனே போய்விட வேண்டும். நகரங்களில் கட்டிடத்தின் விலை தோசையின் விலைக்காகக் காத்திருப்பதில்லை.

ஆகவே சனிக்கிழமை மத்தியானம் நடந்து போகக்கூடிய இடமாகப் பார்த்தார்கள். ஃபாரஸ்ட் கேட்டின் தென்பக்கத்திலிருந்து அப்டன் பார்க் வழியாகப் போகும் கிரீன் ஸ்ட்ரீட்டில் புடவைக் கடைகளுக்கும் நகைக் கடைகளுக்கும் நடுவே குஜராத்திச் சிற்றுண்டிக் கடைகள் இருக்கின்றன. விஜய்ஸ் சாய்வாலா அவற்றுள் பெயர்பெற்றது. இங்கு ‘மோகோ’ என்று ஒரு பண்டம் விற்பார்கள். பெயரைக் கேட்டு நம்மவர்கள் பயப்பட வேண்டியதில்லை. நம் மரவள்ளிக்கிழங்குதான், பொரித்து மிளகாய்த்தூள் தூவியது. கிழக்கு ஆபிரிக்காவில் வாழ்ந்த குஜராத்திகள் அங்கிருந்து கொண்டுவந்தது. உகண்டாவிலிருந்து 1972-இல் துரத்தப்பட்டவர்கள் பெட்டியிற் கொண்டுவர முடியாதவற்றை நாக்கிலே கொண்டுவந்தார்கள் எனலாம். கணவர் ஒரு தட்டு மோகோ சாப்பிட்டார். மனைவிக்கு அன்று கார்த்திகை விரதம். மாலைப் பூசை முடியும் வரை பச்சைத்தண்ணீர்தான். எனவே அந்த ஒரு நேரத்துக்கு அவர் பசியில்லை என்று சொல்ல நேரவில்லை.

திரும்பி வரும் வழியில் ஃபாரஸ்ட் கேட் என்ற பெயரின் காரணத்தைக் கணவர் விளக்கினார். வன்ஸ்டெட் புல்வெளியில் மேய்ந்த மாடுகள் பெருந்தெருவுக்கு வராமல் தடுக்க இங்கே ஒரு வாயிற்கதவு இருந்தது. 1881-இல் அதை அகற்றினார்கள். கதவு போனாலும் அந்தப் புல்வெளியில் 1996 வரை மாடுகள் மேய்ந்தன. “அப்ப நல்ல ஊர்தான்,” என்றார் மனைவி.

அறைக்கு வந்ததும் பையைத் திறந்து பார்த்தார்கள். வியாழன் இரவு ஆக்கிய சோறு. இங்கே வைத்திய விஷயம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அரிசியில் இருக்கும் பசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. சோறு ஆறிய பின் அறைச்சூட்டிலே கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாமல் நிற்கக்கூடும். ஆக்கிய சோற்றை ஒரு மணி நேரத்துக்குள் ஆறவிட்டுக் குளிர்பெட்டியில் வைத்து, ஒரு நாளைக்குள் தீர்த்துவிட வேண்டும் என்பதே இங்குள்ள உணவுப் பாதுகாப்பு ஆலோசனை. புளியும் நல்லெண்ணெயும் காக்கும் என்று நம் பெரியவர்கள் சொன்னது முழுப் பொய்யன்று. ஆனால் ரயில், விடுதி, வெப்பமூட்டிய அறை என்று இரண்டு நாள் சுற்றிய சோற்றை அவர்களும் உண்ணச் சொல்லியிருக்க மாட்டார்கள். அறியாத கடைக்குப் பயந்து கட்டிக்கொண்டு வந்த சாப்பாடே ஈற்றில் அதிக ஆபத்தானது என்பதை நம்மவர்கள் கவனிக்க வேண்டும். மனைவி அதைக் குப்பைத்தொட்டியில் கொட்டும்போது ஏதோ முணுமுணுத்தார். பெருவிரல் மூட்டு நோவோடு துருவிய தேங்காய்ச் சம்பலும் அதனோடு போயிற்று.

மாலை ஐந்தரைக்கு ஆலயத்துக்குப் புறப்படும்போது, ஏழு மணிக்குச் சாப்பிட்டுவிடலாம் என்ற கணக்கில் கணவர் தம் இரவுக் குளிசையைப் போட்டுக்கொண்டார். நீரிழிவுக்குக் கொடுக்கும் மருந்துகள் எல்லாம் ஒரே தன்மையுடையன அல்ல. மெட்போர்மின் மட்டும் எடுப்பவருக்குச் சாப்பாடு சற்றுப் பிந்தினால் பெரும்பாலும் ஒன்றும் நேராது. கிளிக்ளசைட் போன்ற குளிசையோ இன்சுலினோ எடுப்பவருக்கு அப்படியல்ல. மருந்து இரத்தத்திலுள்ள சீனியைக் குறைத்துக்கொண்டே போகும். உணவு வந்து சேராவிட்டாலும் அது நிற்காது. இவர் எடுப்பது கிளிக்ளசைட். சாப்பாட்டோடு எடுக்க வேண்டிய அதனைத் தட்டு முன்னால் வந்த பிறகே வாயிற் போட வேண்டும். விடுதியிலிருந்து புறப்படும்போது அல்ல.

கார்த்திகையானபடியால் ஆலயத்தில் கூட்டம். பூசை முடிந்து, விபூதி பிரசாதம் வாங்கி, அறிந்தவர் இருவரோடு பேசிவிட்டு வெளியே வர ஏழே முக்கால். மனோர் பார்க்கிலிருந்து ஈஸ்ட் ஹாம் நோக்கிப் போகும் ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் சைவக்கடைக்குக் குறைவில்லை. சென்னையின் சரவண பவன்கூட அந்தத் தெருவில் கிளை திறந்தது. ஆனால் சனிக்கிழமை இரவு எந்தக் கடை வாசலிலும் வரிசை நிற்கும் என்பதை ஊராருக்குத் தெரியும், விருந்தாளிகளுக்குத் தெரியாது. ஒரு கடையின் உள்ளே போய் நின்றார்கள். அரை மணி நேரமாகியும் மேசை கிடைக்கவில்லை.

கணவர் இயல்பிலே சாந்தமானவர். அன்று மனைவியிடம் எரிந்து விழத் தொடங்கினார். “உம்மாலைதான் இவ்வளவு பிந்தினது. கோயிலடியிலை நிண்டு என்ன கதை?” என்றார். மனைவிக்கு முதலில் கண் கலங்கிற்று. பிறகு அவர் நெற்றியைப் பார்த்தார். வியர்வை. கையைப் பிடித்தார், நடுங்கியது. இரத்தச் சீனி குறையும்போது வரும் அறிகுறிகளில் கோபமும் ஒன்று. வீட்டிலுள்ளவர்கள் அதை மனத்தாங்கலாக எடுத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடுவதால் பல விபத்துகள் நேர்ந்திருக்கின்றன. சட்டைப்பையிலிருந்த கருவியால் விரலில் குத்திப் பார்த்தபோது 3.2 என்று காட்டியது. 4-க்குக் கீழே போனால் உடனே சீனி கொடுக்க வேண்டும்.

அம்மையார் பிரசாதப் பொட்டலத்திலிருந்து கற்கண்டை எடுத்து வாயில் வைத்தார். கெட்டித்தனந்தான், ஆனால் கற்கண்டு கரைய நேரமாகும், கடித்து மென்றால்தான் பயன். அதற்குள் கடையில் பரிமாறிக்கொண்டிருந்த தமிழ்நாட்டுப் பையன் ஒருவன், வயது இருபத்திரண்டு இருக்கும், கையிலிருந்த தட்டுகளை அப்படியே வைத்துவிட்டு ஒரு கிளாஸ் தோடம்பழச்சாற்றோடு ஓடி வந்தான். “முதல்ல இதைக் குடிக்கச் சொல்லுங்கம்மா. எங்கப்பாவுக்கும் சுகர்தான்,” என்றான். நாற்காலி ஒன்றையும் இழுத்துப் போட்டான். அவன் செய்தது அச்சொட்டாகச் சரி. 150 முதல் 200 மில்லிலீற்றர் பழச்சாறு, அல்லது மூன்று நான்கு தேக்கரண்டி சீனி கரைத்த தண்ணீர். பத்துப் பதினைந்து நிமிடத்தில் மீண்டும் குத்திப் பார்ப்பது. பிறகு இட்டலியோ தோசையோ. சொக்கலேற் உதவாது, அதிலுள்ள கொழுப்பு சீனியை மந்தப்படுத்தும். சீனியில்லாத ‘டயட்’ பானத்தைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்களும் உண்டு. இந்த நாட்டு வைத்தியசாலைகளில் சொல்லும் ஜெலி மிட்டாய்களில் பெரும்பாலும் விலங்கெலும்பிலும் தோலிலும் எடுத்த ஜெலற்றின் இருக்கும். சைவர்கள் குளுக்கோஸ் வில்லைகளைப் பையில் வைத்துக்கொள்வது நல்லது. புளிச்சாதத்தைவிட மிகக் குறைந்த இடத்தில் அடங்கும்.

கால் மணி நேரத்தில் கணவரின் சீனி 5.1-க்கு வந்தது, மேசையும் கிடைத்தது. அவர் மனைவியைப் பார்த்து, “ஏதாவது கத்தினேனோ?” என்று கேட்டார். “இல்லை,” என்றார் அவர்.

பையன் வந்து என்ன வேண்டுமென்று கேட்டான். இரண்டு பேருக்குமா என்றான். அம்மையார் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, முப்பத்தெட்டு வருடமாகக் கேட்காத கேள்வியைக் கேட்டார்.

“தம்பி, இஞ்சை மச்சம் ஏதும் இருக்கோ?”

பையன் தன் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டான். தமிழ்நாட்டில் மச்சம் என்றால் உடம்பிலுள்ள கரும்புள்ளி. “எங்கேம்மா?” என்றான். கணவருக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. பக்கத்து மேசையிலிருந்த நம்மூர்க் குடும்பமும் சிரித்தது. மீன், இறைச்சி என்று அவர்கள் விளக்கிய பிறகு பையன் பதறிப்போனான். “ஐயோ, சுத்த சைவம்மா. முட்டைகூட உள்ள வராது. எண்ணெய் எல்லாம் சூரியகாந்தி. நம்பலைன்னா வந்து பாருங்க.” கடைக்காரர் ஆட்சேபிப்பாரோ என்று கணவர் தயங்கினார். அம்மையார் தயங்கவில்லை. எழுந்து போய்ச் சமையலறை வாசலில் நின்று பார்த்தார். ஒருவர் தோசை வார்த்துக்கொண்டிருந்தார். பெரிய அண்டாவில் சாம்பார். மாவு அரைக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நிமிடத்துக்கு மேலாக நின்றுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“எனக்கொரு தோசை,” என்றார்.

கேட்பதிலும் முறை இருக்கிறது. இது சைவமா என்று பொதுவாகக் கேட்டால் ஆம் என்ற பதில்தான் எங்கும் வரும். எந்த எண்ணெய், பொரிக்கிற சட்டி வேறா, கொத்து ரொட்டி கொத்தும் தட்டில் இறைச்சியும் கொத்துவீர்களா, சூப்புக்கு என்ன சாறு என்று பொருளைக் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். கோபிக்காமல் பதில் சொல்கிற கடையில் உட்காரலாம். முகம் சுளிக்கிற கடையில் தேநீரோடு எழுந்துவிடலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. கலப்புக் கடையில் தனிப் பாத்திரம் வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். அதை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் ஆசாரம்.

நீரிழிவு உள்ளவர்கள் சைவக்கடையில் வேறொன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். தோசை, இட்டலி, பொங்கல், பூரி எல்லாமே மாப்பொருள். பருப்பும் மரக்கறியும் கிண்ணத்தில் சிறிதாகவே வரும். சாம்பாரை இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கலாம்; தருவார்கள். கடைசியில் வரும் கேசரியை மனைவிக்கு விட்டுக்கொடுப்பது நாற்பதாவது மணநாளுக்குத் தகுந்த மரியாதையுமாகும்.

தோசையை முழுவதும் சாப்பிட்டு முடித்துவிட்டு அம்மையார் தம் தீர்ப்பைச் சொன்னார். “உளுந்து காணாது. சட்னி பரவாயில்லை.” பையனைக் கூப்பிட்டு அவன் தகப்பனாருக்கு என்ன குளிசை கொடுக்கிறார்கள், தாயார் யாருடன் இருக்கிறார் என்றெல்லாம் விசாரித்தார். தஞ்சாவூர்ப் பக்கமாம், படித்துக்கொண்டே வேலை செய்கிறானாம். விடிய எத்தனை மணிக்குக் கடை திறப்பீர்கள் என்றும் கேட்டுக்கொண்டார்.

ஞாயிறு காலை ஃபாரஸ்ட் கேட் நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஏதாவது பார்ப்போம் என்றார் கணவர். வன்ஸ்டெட் பார்க் நிலையத்தருகே ரயில் பாலத்து வளைவுகளுக்குள் ரொட்டிக் கடையும் காப்பிக் கடையும் வந்திருப்பதை யாரோ சொல்லியிருந்தார்கள். அம்மையார் அதற்கு இணங்கவில்லை. பேருந்தில் ஏறி முதல்நாட் கடைக்கே போனார்கள். அவர் பொங்கலும் வடையும் கேட்டார். வடை இரண்டாவது தரமும் கேட்டார். கணவர் தட்டு வந்த பிறகு குளிசையைப் போட்டுக்கொண்டு, “உமக்குப் பசியில்லை எண்டெல்லோ சொல்லுவீர்?” என்றார். அம்மையார் சட்னிக் கிண்ணத்தைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

ஹல் ரயில் பின்னேரந்தான். எழும்பும்போது அவர் பையிலிருந்து கழுவித் துடைத்த வெறும் சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துப் பையனிடம் நீட்டினார்.

“தம்பி, இதுக்குள்ளை ஆறு இட்டலி வைச்சுத் தாங்கோ. உங்கடை பிளாஸ்ரிக் பெட்டி வேண்டாம். சம்பலை வேறையா.”